பிரம்பும் பதவியும்: இலங்கைப் பாடசாலை ஆசிரியரின் கடமையும் காப்பும் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள்

புத்தளக் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில், நுரைச்சோலைக்கு அண்மையில் அமைந்துள்ள ஊர் மாம்புரி. கடற்றொழிலும் தென்னையும் மணற்றரைத் தோட்டச் செய்கையும் இக்கரையோர மக்களின் வாழ்வுக்கு நெடுங்காலமாக ஆதாரமாயிருந்தன. 2010ஆம் ஆண்டளவில் எழுந்த காற்றாலைகளும், 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையமுமே வெளியுலகுக்கு இப்பகுதியின் பெயரை அறிமுகப்படுத்தின. ஆயின் எமது அக்கறை வேறொன்றைப் பற்றியது.

வடமேற் கரையிலும் அதற்கப்பால் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் ஆசிரியரைக் குறிக்க வழங்கிய சொற்கள் பலவாகும். மிசன் பாடசாலையில் எழுத்தும் ஞானபாடமும் கற்பித்தவர் சட்டம்பியார். கூத்துப் பழக்கியவர் அண்ணாவியார். முஸ்லிம் சிறார்க்கு ஓதக் கற்பித்தவர் லெப்பை. அரசாங்க ஏடுகளில் அவர் உபாத்தியாயர். இன்றைய பிள்ளைகளின் வாயில் சேர் அல்லது ரீச்சர். இவற்றை வெறும் பெயர் வேறுபாடுகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆசிரியருக்குப் படியளந்தவர் யார், அவரைப் பதவியினின்றும் விலக்கும் அதிகாரம் யாரிடமிருந்தது என்ற வினாக்களுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விடையைத் தன்னுள் கொண்டுள்ளது.

அண்மையில் மாம்புரியில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடன் உரையாடும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. பிரம்பு போயிற்று, அதனோடு ஆசிரியருக்கிருந்த பாதுகாப்பும் போயிற்று என்பதே அவர் பேச்சின் சாரம். பிள்ளையைத் தொட்டால் பொலிஸ், அதட்டினால் வலயக் கல்விப் பணிமனை, சட்டமெல்லாம் பிள்ளைக்கே என்று அவர் வருந்தினார். அவ்வருத்தத்தில் உண்மை இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் தமது சேவைக் கோப்பை அவர் எடுத்துக் காட்டியபோது, அதில் ஐந்து இடமாற்றக் கட்டளைகள் இருந்தன. ஒன்றிலேனும் காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை. சேவையின் தேவை கருதி என்ற ஒரே தொடர் ஐந்திலும் திரும்பத் திரும்ப வந்தது. அவற்றுள் மூன்று பொதுத் தேர்தல்களை அடுத்து வந்தவை என்பதை அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

அவருடைய கூற்றையும் அவருடைய கோப்பையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. ஆசிரியர் இழந்துவிட்டதாகக் கூறப்படும் பாதுகாப்பு எத்தகையது? அது எக்காலத்தில், யாரிடமிருந்து அவரைப் பாதுகாத்தது? இலங்கையில் ஆசிரியர் பற்றிய சட்டங்களின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கின், சட்டம் ஆசிரியரை அவரிலும் எளிய மாணவனிடமிருந்தே மிக நெடுங்காலம் காத்து வந்தது என்பதும், அவரிலும் வலியவரான முகாமையாளரிடமிருந்தோ அமைச்சரிடமிருந்தோ காக்க அது தயங்கியே வந்தது என்பதும் புலனாகும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் ஆசிரியரின் ஒழுக்கம் பற்றிய திட்டமான வரையறை 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் உளது. பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறுகின்றார். ஆசிரியனாகத் தகாதவனுக்குக் கூறும் உவமைகளுள் மடற்பனையும் முடத்தெங்கும் அடங்கும். பனையும் தென்னையும் செறிந்த கற்பிட்டிக் கரையில் நின்று வாசிக்கும் ஒருவருக்கு இவ்விரு உவமைகளின் கூர்மையும் உரையின்றியே விளங்கும். ஏறுவோரைக் கருக்கு மட்டையால் தடுத்துத் தானாக விழுவதை மட்டும் தரும் பனை; ஒருவன் நீர்வார்த்து வளர்க்க, அயலான் வளவிற் காய் சொரியும் வளைந்த தென்னை. எனினும் எமது கவனத்துக்குரியது வேறொரு பகுதியாகும். யாருக்குக் கற்பிக்கலாம் என வரையறுக்குமிடத்து, தன் மகன், ஆசிரியன் மகன் என்போரோடு மன்னன் மகனும் பொருளை மிகுதியாகக் கொடுப்பவனும் இடம்பெறுகின்றனர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட புறநானூற்றின் 183ஆம் பாடலில், ஆசிரியருக்கு இடர் வந்துழி உதவுதலும் பொருள் கொடுத்தலும் கற்போனின் கடமைகளாகப் பாண்டியன் நெடுஞ்செழியனால் கூறப்படுகின்றன.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? நிலவுடைமைச் சமுதாயத்தில் ஆசிரியனது கடமை நுணுக்கமாக வரையறுக்கப்பட்டிருந்தது. அவனது பிழைப்போ கொடுப்பவனின் மனத்தில் தங்கியிருந்தது. கடமை இலக்கணமாயிற்று, ஊதியம் கொடையாயிற்று. உரிமை என்ற எண்ணத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் இந்நிலையை 19ஆம் நூற்றாண்டு வரை கொண்டுவந்து சேர்த்தது.

காலனித்துவ ஆட்சி இவ்வுறவைக் காசு உறவாக மாற்றியது. மாற்றம் முழுமையானதன்று. யாழ்ப்பாணத்தில் 1816இல் காலூன்றிய அமெரிக்க மிசனும், வெஸ்லியன், கத்தோலிக்க சபைகளும் நிறுவிய பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளம் பெறுபவரானார். ஆனால் சம்பளம் கொடுத்த கையே ஞானத்தையும் கொடுத்தமையால், சபையின் நம்பிக்கைக்கு உடன்படுதல் பதவிக்கு எழுதப்படாத நிபந்தனையாயிற்று. 1848இல் வெஸ்லியன் மிசன் பாடசாலைப் பணியிலிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரின் செயலைச் சமய வரலாற்றாசிரியர்கள் பலபடப் போற்றியுள்ளனர். தொழில் வரலாறாக நோக்கின் அதற்கு வேறொரு முகமும் உண்டு. முதலாளியுடன் கருத்து மாறுபட்ட ஆசிரியருக்கு விலகுதலைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. விலகியபின் பிடியரிசி சேர்த்தே பாடசாலை நடத்த வேண்டியிருந்தது. நாவலருக்குப் பின்னே நின்ற சமூகபலம் கடலோரக் கிராமத்துச் சட்டம்பியாருக்கு இருந்திருக்க முடியாது.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனையடுத்து மிசன் பாடசாலைகளுக்கான அரச நன்கொடை, மாணவர் பரீட்சையிற் பெறும் பேறுகளுக்கேற்ப அளந்து கொடுக்கப்படலாயிற்று. 1862இல் இங்கிலாந்தில் றொபேட் லோ புகுத்திய முறையின் குடியேற்ற நாட்டுப் பிரதி இது. வாசிப்பு, எழுத்து, எண் என்ற மூன்றிலும் தேறிய தலை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு பணம். தேறாத பிள்ளை ஆசிரியருக்கு நட்டக் கணக்கு. இம்முறை வடமேற் கரை போன்ற ஒரு பிரதேசத்தில் எவ்வாறு இயங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். மீனவக் குடும்பங்கள் பருவக்காற்று மாறும்போது வாடியையும் மாற்றுகின்றன. கரை மாறிச் செல்லும் குடும்பத்தோடு பிள்ளையும் செல்கின்றது. பாடு இல்லாத மாதத்தில் வகுப்பு நிரம்பும். பாடு உள்ள மாதத்தில் வெறுமையாகும். கடலின் ஒழுங்கைத் திணைக்களத்தின் ஏடு அறியாது. ஏட்டின் குறையோ ஆசிரியரின் வருவாயைத் தாக்கியது. வராத பிள்ளையை வரவைக்கவும், வந்த பிள்ளையை மனப்பாடம் செய்யவைக்கவும் அவர் கையிலிருந்த கருவி ஒன்றே.

அக்கருவிக்குச் சட்டத்தின் ஒப்புதல் 1883இல் கிடைத்தது. அவ்வாண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமான தண்டனைச் சட்டக்கோவை, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைப் பெரிதும் தழுவியது. குற்றவியல் வலோற்காரத்தை வரையறுத்த இந்தியக் கோவையின் 350ஆம் பிரிவில் எட்டு உதாரணங்கள் இருந்தன. அதற்கு நேரான இலங்கைக் கோவையின் 341ஆம் பிரிவில் ஒன்பதாவதாக ஒன்று சேர்க்கப்பட்டது. ஆசிரியர் ஒருவர் தமது தற்றுணிபை நியாயமான முறையிற் பயன்படுத்தித் தம் மாணவனை அடிப்பாராயின், அவர் அச்சமோ துன்பமோ விளைக்க எண்ணியிருந்தபோதிலும் சட்டவிரோதமாக வலிமையைப் பிரயோகித்தவராகார் என்பது அவ்வுதாரணத்தின் பொருள். இலங்கைச் சட்டவாக்கத்தில் ஆசிரியர் என்ற தொழிலாளிக்கு வழங்கப்பட்ட தொடக்ககாலப் பாதுகாப்புகளுள் இது முக்கியமானது. இதே காலப்பகுதியில் அவரை முகாமையாளர் ஒரு மாத அறிவித்தலுடனோ அறிவித்தலின்றியோ அனுப்பிவிடுவதற்கு எதிராக இதற்கீடான ஒரு விதி தேடினும் அகப்படாது.

இதனை ஆட்சியாளரின் திட்டமிட்ட சூழ்ச்சி என்று கொள்ள வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் வழங்கிய ஒரு கோட்பாட்டை வரைவாளர் இங்கு எடுத்தாண்டனர், அவ்வளவே. எனினும் சட்டத்தின் விளைவு அதனை எழுதியோரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. மேலிருந்து பறிக்கப்பட்ட மானத்துக்குக் கீழ்நோக்கி வழங்கப்பட்ட ஈடாகப் பிரம்பு அமைந்தது. முகாமையாளர் முன் கைகட்டி நின்றவர் வகுப்பறையில் அரசராக இருக்க அனுமதிக்கப்பட்டார். அவ்வரசின் குடிகள் யார் என்பதும் நோக்கற்குரியது. நிலமுடையோரின் பிள்ளைகள் மீது பிரம்பு தயங்கியே விழுந்தது. வலை இழுப்பவரின், கூலிக்காரரின், ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகள் மீது அது தயங்கியதில்லை. நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமர வேண்டும் என்ற ஒழுங்கு 1930ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, சாதிமான்கள் சில பாடசாலைகளை எரித்தனர். அவ்வேளை தரையிலிருந்த பிள்ளையை வாங்கில் இருத்திய ஆசிரியருக்குச் சட்டம் எந்தத் தனிக் காப்பும் தரவில்லை. பிள்ளையை அடிப்பதற்குத் தந்திருந்தது.

1939ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் பாடசாலைகளின் நிருவாகத்தை ஒழுங்குபடுத்தியது. உதவி நன்கொடைப் பாடசாலைகளில் முகாமையாளரின் இடம் அதனால் உறுதிப்பட்டது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமோ சிறுவருக்குக் கொடுமை இழைத்தலைக் குற்றமாக்கியது. ஆனால் அதன் 71ஆம் பிரிவிலேயே, பெற்றோரும் ஆசிரியரும் தண்டனை அளிக்கும் உரிமையை இப்பிரிவு பாதிக்காது என்று ஓர் உட்பிரிவும் சேர்க்கப்பட்டது. ஒரே ஆண்டில் முகாமையாளரின் அதிகாரமும் பிரம்பின் அதிகாரமும் சட்டத்தில் நிலைநாட்டப்பட்டன. இரண்டுக்கும் இடையில் நின்ற ஆசிரியரின் பதவி மட்டும் நிலைநாட்டப்படவில்லை.

இக்குறையை உணர்ந்து போராடியோர் ஆசிரியர் சங்கத்தினரே. அகில இலங்கை ஆசிரியர் சங்கமும் வடமாகாண ஆசிரியர் அமைப்பும் எழுப்பிய கோரிக்கைகளில் பதவிப் பாதுகாப்பு முன்னிடம் பெற்றிருந்தது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் தலைமக்களுள் ஒருவரான ஹண்டி பேரின்பநாயகம் இவ்வியக்கத்தில் வகித்த பங்கு தனியாக ஆராயப்படுதற்குரியது. அவரது அரசியலைக் காந்தியச் சாயலுடைய தேசியம் என்று வகைப்படுத்திவிட்டு அப்பாற் செல்லும் ஆய்வாளர்கள், ஆசிரியரைத் தொழிலாளியாக இனங்கண்ட அவரது மற்றைய முகத்தைக் காணத் தவறிவிடுகின்றனர்.

சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அது மாணவனை விடுவித்தது, ஆசிரியரை விடுவிக்கவில்லை. அரசு பணம் தந்தது, நியமனத்திலும் நீக்கத்திலும் முகாமையாளரின் செல்வாக்கு நீடித்தது. கத்தோலிக்கக் கரையோரத்தில் இதன் விளைவு மொழியையும் தொட்டது. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரையிலான கரையில் தமிழ் பேசிய கத்தோலிக்கர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படிப்படியாகச் சிங்களத்துக்கு மாறியமைக்குப் பாடசாலைப் போதனாமொழியின் மாற்றம் ஒரு முதன்மைக் காரணமாகும். 1940 முதல் 1972 வரை சிலாப மறைமாவட்ட ஆயராயிருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகையின் கொள்கைக்கு இதிற் கணிசமான பங்குண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இப்பொருளை ஆராய்ந்தோர் சமூகத்தின் மொழியிழப்பைப் பற்றியே பேசியுள்ளனர். தமிழிற் கற்பித்த உபாத்தியாயரின் நிலை பற்றி எவரும் வினவியதாகத் தெரியவில்லை. பாடசாலையின் மொழியை அவரிடம் கேட்டு மாற்ற வேண்டிய கடப்பாடு யாருக்கும் இருக்கவில்லை. தமிழ் புளூராக் என்னும் நூலை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்த கற்பிட்டிக்குத் தெற்கே, அவர் மறைந்து நூறாண்டு செல்லுமுன் இது நிகழ்ந்தது.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க உதவி நன்கொடைப் பாடசாலைகள், பயிற்சிப் பாடசாலைகள் விசேட ஏற்பாடுகள் சட்டம் முகாமையாளர் யுகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் சொத்துக்களையும் அரசுடைமையாக்க வழிசெய்தது. நகரப் பெருங் கல்லூரிகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்றன. கிராமத்துச் சிறு பாடசாலைகளுக்கு அவ்வசதி இருக்கவில்லை. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து குடியிருந்து எதிர்த்தனர். இந்தியாவிலிருந்து கருதினால் வலேரியன் கிரேசியஸ் வந்து சமரசம் செய்யும் அளவுக்கு நெருக்கடி முற்றியது. சமய உரிமை என்ற பதாகையின் கீழ் நிகழ்ந்த இவ்வெதிர்ப்பில் உண்மையான அச்சங்களும் கலந்திருந்தன என்பதை இடதுசாரிகளாகிய நாம் அன்று போதிய அளவு ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் ஆசிரியரின் பார்வையில் இது ஒரு விடுதலையே. ஞாயிறு பூசையில் முகம் காட்டாமைக்காகத் திங்கட்கிழமை பதவி போகும் என்ற அச்சம் ஒழிந்தது. ஓய்வூதியம் உறுதிப்பட்டது.

ஆனால் ஆயிரம் முகாமையாளர்களின் இடத்தை ஒரே முகாமையாளர் எடுத்துக்கொண்டார். அவர் பெயர் அரசு. அரசுக்கு எதிராக அரச ஊழியருக்கு என்ன உரிமை உண்டு என்ற வினாவுக்கு விடை தேடியவர் ஆசிரியரல்லர், ஓர் எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி இன்மையைக் காட்டி 1962இல் தமது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டமைக்கு எதிராகக் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு, மொழியுரிமை வழக்காகவே தமிழர் நினைவில் பதிந்துள்ளது. கீழ் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் இலங்கை உயர் நீதிமன்றம், அரச ஊழியர் தமது ஊதியத்துக்காக முடியை எதிர்த்து வழக்காட முடியாது என்று அதனைப் புரட்டியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று தீர்த்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவைத் தொடாமல் விட்டது. ஊதியம் கொடையன்று, கடன் என்பதை நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்ட தருணம் அது. நன்னூற் காலத்துக் கொடைக்கும் இதற்கும் இடைப்பட்ட தூரம் பெரிது.

அந்த வெற்றி மூன்றாண்டுகள்கூட முழுமையாக நிலைக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம் என்பவற்றை அமைச்சரவையிடம் ஒப்படைத்து, அவற்றை நீதிமன்றம் விசாரிப்பதையும் தடுத்தது. அவ்வரசாங்கத்தில் இடதுசாரிக் கட்சிகள் அங்கம் வகித்தன. யாப்பை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவும் இடதுசாரி. பாராளுமன்றமே மக்கள் விருப்பின் உச்ச வடிவம், காலனித்துவத்தின் எச்சமான ஆணைக்குழுக்கள் அதனைத் தடுக்கலாகாது என்பது அவர்தம் வாதம். கோட்பாட்டளவில் அது கவர்ச்சியானது. நடைமுறையிலோ தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் பழைய முகாமையாளரின் நாற்காலியில் அமர்ந்தார். இடமாற்றம் ஒரு தண்டனைக் கருவியாயிற்று. வேலைநீக்கத்துக்கு விசாரணை வேண்டும், குற்றப்பத்திரம் வேண்டும். இடமாற்றத்துக்கு ஒரு கடிதம் போதும். முற்போக்காளர் தம் கையால் எழுதிய இவ்விதியின் விளைவை 1977க்குப் பின் எதிர்த்தரப்பு ஆட்சிக்கு வந்தபோது இடதுசாரி ஆசிரியர்களே அனுபவிக்க நேர்ந்தது.

1978ஆம் ஆண்டின் யாப்பு அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை நாடும் வழியைத் திறந்தது. அதற்கு விதிக்கப்பட்ட கால எல்லை ஒரு மாதம். மாம்புரியிலிருந்து கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகம் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. இடமாற்றக் கட்டளை கிடைத்த ஆசிரியர் அந்த ஒரு மாதத்தில் புதிய இடத்தில் வாடகை அறை தேடுவாரா, சட்டத்தரணியைத் தேடுவாரா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் மாகாண அதிகாரத்தின் கீழ் வந்தனர். வடக்கு, கிழக்கில் அதிகாரப் பகிர்வாகப் பேசப்பட்ட அத்திருத்தம், சிங்களப் பெரும்பான்மையுடைய வடமேல் மாகாணத்தின் தமிழ்மொழி ஆசிரியருக்கு வேறு வகையில் அனுபவமாயிற்று. தேசிய அரங்கிலும் சிறுபான்மை, மாகாண அரங்கிலும் சிறுபான்மை என்ற இரட்டை நிலை அவருடையது. பொதுச்சேவை ஆணைக்குழுவின் சுதந்திரமோ 2001, 2010, 2015, 2020, 2022 ஆகிய ஆண்டுகளின் யாப்புத் திருத்தங்களால் மாறி மாறி வழங்கப்பட்டும் பறிக்கப்பட்டும் வந்துள்ளது. ஆட்சியாளரின் விருப்புக்கேற்ப வந்துபோவதைக் காப்பு என்று சொல்வது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

யுத்த காலத்தைப் பற்றி விரிவாக எழுத இங்கு இடமில்லை. அக்காலத்தில் ஆசிரியரின் கடமையும் காப்பும் ஒருசேரச் சிதைந்தன என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சுட்டுதல் போதும். யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் 1985 யூன் 26ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். தெற்கில் எம்பிலிப்பிட்டியவில் 1989, 1990ஆம் ஆண்டுகளில் மாணவர் பலர் இராணுவத்தினராற் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். அவ்வழக்கில் 1999இல் படையினருடன் சேர்த்துத் தண்டிக்கப்பட்டோருள் அப்பாடசாலையின் அதிபரும் ஒருவர். ஆசிரியர் தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளுக்கு எதிராகவே அரச வன்முறையைத் துணைக்கழைத்தால் அதன் எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு இதனிலும் கொடிய சான்று இலங்கைக் கல்வி வரலாற்றில் இல்லை. மூன்றாவது, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை. அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டித் தீபகற்பத்திலும் தஞ்சம் புகுந்தனர். ஓலைக் கொட்டில்களிலும், உள்ளூர்ப் பாடசாலைகளில் மாலைநேரத்திலும் வகுப்புகள் தொடங்கின. கற்பித்தவர்களும் அகதிகளே. தாம் நேற்று இழந்த வீட்டை மறந்து இன்று வரவு இடாப்பு எழுதிய அவ்வாசிரியர்களின் பணியை எந்தச் சேவைப் பிரமாணமும் கட்டளையிட்டிருக்கவில்லை. தொழில் ஒழுக்கம் என்பது சட்டத்தால் மட்டும் பிறப்பதன்று என்பதற்கு இக்கரையே சாட்சி.

இனி, பிரம்பு பறிபோன கதைக்கு வருவோம். இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சிறுவருக்குக் கொடுமை இழைத்தலை 308அ பிரிவின் கீழ்க் கடுங்குற்றமாக்கியது. அவ்வாண்டிலேயே பண்டார எதிர் விக்கிரமசிங்க வழக்கில், பாடசாலையில் மாணவன் தாக்கப்பட்டமை யாப்பின் 11ஆம் உறுப்புரையை மீறும் செயல் என உயர் நீதிமன்றம் தீர்த்தது. கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றுநிருபங்கள் மூலம் பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் ஒருவர் அறைந்ததாற் செவிப்புலன் பாதிப்புற்ற 15 வயது மாணவன் ஒருவனின் வழக்கில் மீண்டும் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. இத்தனைக்குப் பின்னும் 1883ஆம் ஆண்டின் அந்த ஒன்பதாவது உதாரணம் அத்தீர்ப்பு வழங்கப்பட்ட நாளிலும் தண்டனைச் சட்டக்கோவையில் இருந்தது. ஆகவே பிரம்பை ஒழித்தது சட்டவாக்கமன்று, சுற்றுநிருபமும் நீதிமன்றமுமே. ஒரு கையால் உதாரணமாக அனுமதித்து மறு கையால் சுற்றுநிருபத்தாற் தடுத்த அரசு, இடையில் நின்ற ஆசிரியரையே குழப்பத்துக்கும் தண்டனைக்கும் உள்ளாக்கியது.

உடற்றண்டனையை இக்கட்டுரையாளர் எவ்வகையிலும் ஆதரிப்பவரல்லர். அவருடைய உள்ளங்கைகளும் சிறுவயதில் ஒரு பாடசாலையில் இவ்வுதாரணத்தின் பொருளை அறிந்தவையே. ஏழாம் வாய்பாட்டை அவர் இன்றும் தயங்கியே சொல்வார். ஆனால் பிரம்பைக் கைவிடும் ஆசிரியருக்கு அதற்குப் பதிலாக எது தரப்பட்டது என்று கேட்பது பிரம்புக்கு வக்காலத்து வாங்குவதாகாது.

1966 ஒக்டோபர் 5ஆந் திகதி பாரிஸ் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட, ஆசிரியரின் அந்தஸ்துப் பற்றிய சர்வதேசத் தொழில் தாபன, யுனெஸ்கோப் பரிந்துரை இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. அதன் 46ஆம் பந்தி தொழில் நிலையையும் பதவியையும் பாதிக்கும் தன்னிச்சையான நடவடிக்கைகளிலிருந்து ஆசிரியர் பாதுகாக்கப்பட வேண்டும் என்கின்றது. 67ஆம் பந்தி, தொழில்சார் விடயங்களில் பெற்றோரின் நியாயமற்ற தலையீட்டிலிருந்து காப்பளிக்குமாறு கோருகின்றது. 69ஆம் பந்தி இரண்டையும் இணைக்கின்றது: மாணவருக்கு விபத்து நேராதவாறு ஆசிரியர் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும், பாடசாலையில் மாணவருக்கு ஊறு நேரின் அதற்கான நட்டஈட்டுப் பளு ஆசிரியர் மீது விழாதவாறு பணிகொள்வோர் காக்க வேண்டும். ஆசிரியருக்கான ஒழுக்கக் கோவையை ஆசிரியர் அமைப்புகளே உருவாக்க வேண்டும் என்பது 73ஆம் பந்தியின் கருத்து. இலங்கையில் ஒழுக்கம் பற்றிய கட்டளைகள் அமைச்சின் முத்திரையுடன் மேலிருந்தே வந்துள்ளன. ஆசிரியருக்கெதிரான ஒழுக்காற்று நடவடிக்கைகள் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியின்படி, எல்லா அரச அலுவலருக்கும் பொதுவான முறையில் நடைபெறுகின்றன. பரிந்துரை என்பது பரிந்துரையே, அதற்குச் சட்டவலு இல்லை என்பதும் உண்மையே.

ஆசிரியருக்கென ஒருங்கிணைந்த சேவை ஒன்று 1994இலேயே நிறுவப்பட்டது. 1997இலிருந்து நீடித்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 யூலையில் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்து, ஒக்டோபர் வரை போராடினர். போராட்டத்துக்குச் சில நாட்கள் முன், யூலை 8ஆந் திகதி, பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதாயினர். நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவு மாவட்டத்து விமானப்படை முகாமொன்றுக்கு அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாண்டு பெப்ரவரியில் மாணவனின் உடலுக்குக் காப்பளித்த சட்டமும், யூலையில் ஆசிரியரின் குரலைக் காக்கத் தவறிய சட்டமும் ஒன்றே. இதைக் கொண்டு மாணவனுக்குக் கிடைத்த காப்பைக் குறைக்க வேண்டும் என வாதிடுவோர், எதிரியைத் தவறான திசையில் தேடுபவராவர்.

பெப்ரவரித் தீர்ப்பின் ஒரு கூறு போதிய கவனம் பெறவில்லை. அறைந்த ஆசிரியர் 150,000 ரூபா செலுத்த வேண்டும் என்று பணித்த நீதிமன்றம், அரசு 500,000 ரூபா செலுத்த வேண்டும் என்றும் பணித்தது. வகுப்பறையில் நிகழும் வன்முறைக்கு ஆசிரியரிலும் கூடிய பொறுப்பு அரசைச் சாரும் என்ற விளக்கத்துக்கு இத்தொகைகள் இடந்தருகின்றன. நெருக்கமான வகுப்பு, பாட ஆசிரியர் இல்லாமை, பயிற்சியின்மை, மேலிருந்து வரும் பெறுபேற்று அழுத்தம் ஆகியவற்றை உற்பத்தி செய்பவர் ஆசிரியரல்லர். 1870களில் தலைக்கு இவ்வளவு என்று பணம் அளந்த திணைக்களத்துக்கும், பெறுபேற்று வீதத்தை வைத்துப் பாடசாலைகளைத் தரம் பிரிக்கும் இன்றைய நிருவாகத்துக்கும் இடையே உறவு இல்லாமலில்லை.

இத்தொகைகளை மாம்புரிப் பெரியவரிடம் கூறியபோது அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். அரசு ஏன் கொடுக்க வேண்டும் என்று பின்னர் கேட்டார். விளக்கியதும், மேசையிலிருந்த கோப்பைத் திரும்ப எடுத்து, ஐந்து கட்டளைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, இவற்றுக்கும் அந்த நீதிமன்றத்துக்குப் போக இயலுமா தம்பி என்றார். ஒரு மாத எல்லையைப் பற்றிச் சொன்னேன். கடைசிக் கட்டளையின் திகதியைக் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தார். 2004 ஏப்பிரல்.